வெள்ளி நல்லதுதான், காசுதான் கள்ளம்

“நகைக்கடையிலே காட்டியாச்சுங்க, சுத்த வெள்ளின்னு சொல்லிட்டாங்க.” பழைய ரூபாய்க் காசு சேர்க்கிறவர்களிடம் “இது அசல்தானா?” என்று கேட்டால் பெரும்பாலும் வருகிற பதில் இதுதான். கேட்டவருக்கும் திருப்தி, சொன்னவருக்கும் திருப்தி. எனக்கு மட்டும் இந்தப் பதில் நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. நகைக்கடைக்காரர் பொய் சொல்லவில்லை. உருக்கினால் எவ்வளவு தேறும் என்று பார்ப்பது அவர் வேலை. அதைச் சரியாகவே பார்த்துச் சொல்லியிருக்கிறார். சேகரிக்கிறவருக்குத் தெரிய வேண்டியதோ வேறு: இந்தக் காசு அதன்மேல் போட்டிருக்கிற வருடத்தில் பம்பாய் அல்லது கல்கத்தா நாணயச்சாலையில் அச்சடித்ததா, போன வருடம் ஏதோ ஒரு பட்டறையில் அடித்ததா? வெள்ளிதானா என்பதற்கு ஆம் என்று வந்துவிட்டால் அசல்தானா என்பதற்கும் ஆம்தான் என்று நாமாகவே முடிவு கட்டிக்கொள்கிறோம். கள்ளக்காசு அடிக்கிறவன் பிழைப்பது அந்த இடைவெளியில்தான்.

சங்கப் புலவர்கள் சிலர் பெயரோடு ‘வண்ணக்கன்’ என்ற தொழிற்பெயர் ஒட்டியிருக்கிறது. காசை நோட்டம் பார்ப்பவன் என்று பொருள். பொற்கொல்லன் தனி, வண்ணக்கன் தனி. அந்தப் பாகுபாடு எப்போது நம்மிடமிருந்து போனதோ தெரியவில்லை. இன்றைக்கு எல்லாவற்றுக்கும் நகைக்கடைதான்.

நீலகிரியில் இது கொஞ்சம் கூடுதலாகவே சிக்கல். குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கத்துப் பழைய வீடுகளில் அலமாரிக்குள் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். விக்டோரியா ராணி, எட்வர்டு, இரண்டு ஜார்ஜ் என்று முழு ரூபாய் முப்பது நாற்பது. தாத்தா காலத்துச் சேமிப்பு பாதி, சீசனில் தரையில் துணி விரித்து விற்கிறவரிடம் வாங்கிப் போட்டது பாதி, இரண்டும் ஒரே டின்னில். குளிர் ஊர் என்பதால் பெரும்பாலும் கம்பளித் துணியில் சுற்றிவைத்திருப்பார்கள். கம்பளியில் கந்தகம் உண்டு. அது கசிந்து வெள்ளியைக் கறுக்கவைக்கும். ஆகவே அசலும் போலியும் பத்து வருடத்தில் ஒரே நிறத்துக்கு வந்துவிடும். பார்த்த மாத்திரத்தில் பிரிக்கிற வாய்ப்பு அங்கேயே போய்விட்டது.

இப்படிப்பட்ட டின்னைத் திறந்ததும் காந்தத்தை எடுக்காதீர்கள். முதலில் வருடவாரியாக அடுக்குங்கள். கள்ளக்காசில் இரண்டு சாதி உண்டு. எது எந்தக் காசில் வரும் என்பதை வருடமே பாதி சொல்லிவிடும். ஐந்தாம் ஜார்ஜின் 1918, 1919, 1920 ரூபாய்கள் மலிவு. முதல் உலகப்போர் முடிகிற நேரத்தில் இந்தியாவில் வெள்ளிக்குக் கடும் தட்டுப்பாடு. 1918இல் அமெரிக்கா பிட்மன் சட்டம் என்று ஒன்றைப் போட்டுத் தன் வெள்ளி டாலர்களைக் கோடிக்கணக்கில் உருக்கி பிரிட்டனுக்கு விற்றது. அந்த வெள்ளிதான் இங்கே ரூபாயாக அடித்து இறங்கியது. இவ்வளவு கிடைக்கிற காசை வெள்ளியிலேயே போலியாக அடித்தால் அடிக்கிறவனுக்கு ஒன்றும் மிஞ்சாது. அதனால் இந்த வருடங்களில் போலி வந்தால் அது உலோகப் போலி: ஜெர்மன் சில்வர் (பெயரில்தான் வெள்ளி; உள்ளே செம்பு, நிக்கல், துத்தநாகம்), செம்பின்மேல் முலாம், ஈயக் கலவை. 1911, 1939 போன்ற அரிய வருடங்களில் கதை தலைகீழ். ஒரு காசு பல ஆயிரத்துக்குப் போகிற இடத்தில் பதினோரு கிராம் நல்ல வெள்ளியைப் போடுவது அவனுக்குச் சில்லறைச் செலவு. அங்கே உலோகம் அசலாகத்தான் இருக்கும். மலிவுக் காசில் உலோகத்தைச் சந்தேகி, அரிய காசில் அச்சைச் சந்தேகி. நடைமுறையில் எல்லாரும் செய்வது நேர்மாறாக: 1911ஐ நகைக்கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், 1919ஐ ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

தராசில் தொடங்கி

1835 முதல் 1939 வரை அடித்த முழு ரூபாய் ஒரு தோலா, அதாவது 180 கிரெயின், 11.66 கிராம். பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி, சதவீதத்தில் 91.7, மீதி செம்பு. அரை ரூபாய் 5.83, கால் ரூபாய் 2.92, வெள்ளி இரண்டணா 1.46 கிராம். 1940 முதல் வந்த ரூபாயும் அதே 11.66 கிராம்தான், ஆனால் வெள்ளி 50 சதவீதம், செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5. புலி போட்ட 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது, முழுக்க நிக்கல். இந்த எண்களைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1944 ரூபாயை உலோகச் சதவீதம் காட்டும் நகைக்கடை மெஷினில் வைத்து “பாதிதான் வெள்ளி, போலி” என்று ஒதுக்குவதும், 1947 ரூபாய் காந்தத்தில் ஒட்டியதும் தூக்கி எறிவதும் அடிக்கடி நடக்கிறது. இரண்டும் அசல். 1944 ரூபாய் 91.7 காட்டினால்தான் யோசிக்க வேண்டும்.

0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு போதும். மலைக்குளிரில் இதற்கு ஒரு கோளாறு உண்டு. ஜனவரி காலையில், வெளியே புல்லெல்லாம் உறைபனி பூத்திருக்கும்போது, அலமாரியிலிருந்து எடுத்த உடனே நிறுத்தால் பூஜ்யம் நிலைக்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும். ஆன் செய்து கால் மணி நேரம் விட்டுவிட்டுப் பிறகு பூஜ்யம் போடுங்கள். எடைக்கல் இல்லாவிட்டால் 2011க்குப் பிறகு வந்த, தேயாத பத்து ரூபாய்க் காசு ஐந்தை வையுங்கள்: ஒன்று 7.71 கிராம், ஐந்துக்கு 38.55 வர வேண்டும். (கள்ளக்காசு என்று சொல்லி ஊர் ஊராகக் கடைக்காரர்கள் வாங்க மறுத்த அதே பத்து ரூபாய்தான். பதினான்கு வடிவமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018இல் அறிவித்தும் பலர் நம்பவில்லை. நம் ஊரில் நல்ல காசைச் சந்தேகிப்போம், சந்தேகக் காசுக்குக் கும்பிடு போடுவோம்.) இன்னொன்று, “மலையிலே எடை கொஞ்சம் குறைச்சலாத்தான் காட்டுமுங்க” என்று விற்கிறவர் சொன்னால் ஏற்காதீர்கள். கோயம்புத்தூரில் சரிபார்த்த தராசை 2,240 மீட்டர் உயரத்து ஊட்டிக்குக் கொண்டுவந்தால் ஈர்ப்பு குறைவது உண்மைதான். ஆனால் ஒரு ரூபாய்க் காசுக்கு அந்த வித்தியாசம் 0.01 கிராம்கூட வராது.

தேய்ந்த காசு 11.4, 11.5 காட்டலாம், படம் தேய்ந்திருக்கிற அளவுக்கு எடையும் குறைந்திருந்தால் சரி. படம் கூர்மையாக இருந்து எடை 11.3 என்றால் சரியில்லை. 11.70க்கு மேலே போனாலும் சரியில்லை. புழங்கிய காசு எடை கூடாது. விதிவிலக்கு காசுமாலையிலிருந்து கழற்றிய காசு. மாலையில் கோர்ப்பதற்கான காதை (வளையத்தை) பற்றவைத்த பொடி விளிம்பில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். எடையையும் கெடுக்கும், மெஷின் காட்டும் சதவீதத்தையும் கெடுக்கும். அப்படிப்பட்ட காசில் பன்னிரண்டு மணி நிலையில் விளிம்புக் கோடுகள் நிரவியிருக்கும், அல்லது அரம் பட்ட தடம் தெரியும். இதனால் காசு போலியாகிவிடாது, சேகரிப்பு மதிப்புதான் குறையும்.

எடைக்கு அடுத்தது வெர்னியர், விட்டமும் தடிப்பும் அளக்கிற கருவி. ரூபாயின் விட்டம் முப்பதரை மில்லிமீட்டரை ஒட்டி வரும். ஜெர்மன் சில்வருக்கு அடர்த்தி சுமார் 8.7, ரூபாய் வெள்ளிக்கு 10.34. அதே அளவில் அடித்தால் எடை 9.8 கிராமில் நின்றுவிடும். எடையைச் சரிக்கட்ட வேண்டுமானால் காசைக் கிட்டத்தட்ட 0.3 மில்லிமீட்டர் தடிப்பாக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் சரிசெய்ய வழியில்லை. நல்ல காசு நாலைந்தோடு சேர்த்து அடுக்கி விளிம்பை விரலால் தடவினாலே தடிப்புக் காசு தட்டுப்படும். அசலை வைத்து அச்செடுத்து வார்த்த போலியாக இருந்தால் விட்டம் காட்டிக்கொடுக்கும். உருகிய உலோகம் ஆறும்போது ஒன்றிரண்டு சதவீதம் சுருங்குவதால் விட்டம் அரை மில்லிமீட்டர்போலக் குறையும்.

தண்ணீர்க் குவளை

உலோகத்தைப் பொறுத்தவரை வீட்டில் செய்யக்கூடிய சோதனைகளில் என் முழு நம்பிக்கை இதன்மேல்தான். எடை குறைந்த பிளாஸ்டிக் குவளையில் முக்கால் அளவு தண்ணீர் வைத்துத் தராசில் ஏற்றிப் பூஜ்யம் போடுங்கள். காசை மெல்லிய நைலான் நரம்பில் கட்டி, தண்ணீருக்குள் முழுக்க மூழ்கும்படி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தொங்கவிடுங்கள். கையில் பிடித்தால் ஆடும். நாற்காலி முதுகிலிருந்து ஒரு குச்சியை நீட்டி அதில் கட்டுவது நல்லது. தராசு இப்போது காட்டுகிற எண், காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை. காசின் எடையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். தேயாத 91.7 சத ரூபாய்க்கு 1.13 காட்டும். 50 சத ரூபாய்க்கு 1.22. செம்பின்மேல் முலாம் போட்டதற்கு 1.30, ஜெர்மன் சில்வருக்கு 1.34 அளவில். வித்தியாசம் நன்றாகவே தெரியும். தராசின் கடைசி இலக்கம் ஒன்று கூடக் குறையக் காட்டும் என்பதால், வகுத்தபின் 10.2க்கும் 10.5க்கும் நடுவில் எது வந்தாலும் ஏற்கலாம். கால் ரூபாய்வரை இந்த முறை தாங்கும். இரண்டணாவுக்கு நல்லதற்கும் கெட்டதற்கும் வித்தியாசமே 0.03 கிராம்தான், அதை ஒன்றொன்றாகப் பார்ப்பது வீண்.

கெடுவது எங்கே என்றால், குமிழியில். மலையில் குழாய்த் தண்ணீர் சில்லென்று வரும்; குளிர்ந்த தண்ணீரில் காற்று அதிகம் கரைந்திருக்கும். அடுப்பெரிகிற அறைக்குக் கொண்டுவந்து வைத்தால் அந்தக் காற்று பொடிக் குமிழியாகப் பிரிந்து காசின் எழுத்துகளுக்கிடையில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய குமிழியும் இடத்தை அடைக்கும், எண் 1.15, 1.16 என்று ஏறும், நல்ல காசுமேல் வீண்பழி விழும். கொதிக்கவைத்து மூடி ஆறவைத்த தண்ணீரை எடுங்கள், பாத்திரம் கழுவும் சோப்பு நீர் ஒரு சொட்டு விடுங்கள், காசை உள்ளே விட்டதும் ஒருமுறை லேசாக ஆட்டுங்கள். பருத்தி நூல் கட்டாதீர்கள். தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். முடிந்ததும் காசைத் துடைக்காமல் மென்துணியில் ஒற்றி எடுங்கள்.

இந்தச் சோதனையையும் ஏய்க்க ஒரு வழி இருக்கிறது. ஈயம் வெள்ளியைவிடக் கனம், வெள்ளீயம் இலேசு. ஐந்து பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் என்ற கணக்கில் கலந்தால் அடர்த்தி ஏறக்குறைய ரூபாய்க்குச் சமமாக வந்துவிடும். தண்ணீரும் தராசும் வாய் திறக்காது. இதைப் பிடிப்பது காது. காசை விரல் நுனியில் நிறுத்தி இன்னொரு காசால் விளிம்பில் தட்டினால் வெள்ளி கணீரென்று இழுத்து ஒலிக்கும். ஈயம் ‘தொப்’பென்று அடங்கும். கடைவீதியில் கல்மேல் ரூபாயைச் சுண்டிப் பார்த்த காலத்துப் பழக்கம் இதற்காகத்தான். மயிரிழை விரிசல் விட்ட அசலும் ஒலிக்காது, காது பற்றவைத்த காசும் மழுங்கிய ஒலிதான் தரும்; ஆகவே ஒலிக்காததெல்லாம் போலி என்று ஆகாது.

மற்ற சோதனைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாய்த்துப் பிடித்த காசின்மேல் நியோடிமியம் காந்தம் மெதுவாக வழுக்கி இறங்கினால் வெள்ளி என்பார்கள். செம்பிலும் மெதுவாகத்தான் இறங்கும். பனிக்கட்டி சட்டென்று உருகினால் வெள்ளி என்பார்கள். செம்பும் வெப்பத்தைக் கடத்துவதில் வெள்ளிக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. இரண்டாலும் ஜெர்மன் சில்வரை விலக்கலாம், முலாம் பூசிய செம்பை விலக்க முடியாது. உரைகல்லும் திராவகமும் காசுக்குக் காயம். உருக்கப்போகிற நகைக்குச் சரி, சேகரிப்புக்கு வேண்டாம்.

கடை மெஷின் சொல்வதும் சொல்லாததும்

இப்போது பல நகைக்கடைகளில் எக்ஸ்ரே அடித்து உலோகச் சதவீதம் காட்டும் மெஷின் இருக்கிறது. காசுக்குச் சேதமில்லை, நல்ல கருவி. ஆனால் அது பார்ப்பது மேல்தோலை மட்டும், மைக்ரான் கணக்கில். தடிப்பாக முலாம் போட்டிருந்தால் செம்புக் காசும் ‘வெள்ளி 99’ என்று வந்து நிற்கும். அதனால் ஒரு புள்ளியில் பார்த்துவிட்டு வராதீர்கள். ராஜாவின் கன்னம், தாடி என்று தேய்ந்து மேடாக நிற்கிற இடத்தில் ஒன்று, வெற்றுத் தளத்தில் ஒன்று, விளிம்பில் ஒன்று எனக் கேட்டு வாங்குங்கள். முலாம் முதலில் போவது மேட்டில்தான். அங்கே செம்பு ஏறினால் விஷயம் முடிந்தது. அசலிலும் மேல்பரப்பில் வெள்ளி இரண்டு மூன்று சதவீதம் கூடக் காட்டலாம். நாளாவட்டத்தில் மேல்தோலில் உள்ள செம்பு அரித்துப் போவதால் அப்படி. 94 வந்ததற்காகப் பதற வேண்டாம். 1919 ரூபாயில் மூன்று புள்ளியிலும் 99.9 வந்தால் பதறுங்கள். அந்தக் காலத்து ரூபாய் அவ்வளவு சுத்தமாக இருந்ததே இல்லை.

99.9 காட்டுகிற ராஜா காசு எங்கிருந்து வருகிறது? நகைக்கடையிலிருந்தேதான். பூஜைக்கும் சீருக்கும் பரிசுக்கும் என்று ஐந்தாம் ஜார்ஜ் முகம் போட்ட வெள்ளிக் காசைப் புதிதாக அடித்து எடைக்கு விற்கிறார்கள். அதில் ஏமாற்று எதுவுமில்லை, வாங்குகிறவருக்கும் தெரியும். ஒரு தலைமுறை கழித்து அது கம்பளித் துணிக்குள் போய்க் கறுத்து, பிஸ்கட் டின்னில் பழைய ரூபாயோடு கலந்துவிட்டால், பேரனுக்கு எது எது என்று தெரியாது. ஒற்றைக் காசில் தண்ணீர்ச் சோதனையும் இதைப் பிடிக்காது: 91.7க்கு 1.128, சுத்த வெள்ளிக்கு 1.112, உங்கள் தராசின் தடுமாற்றத்துக்குள் அது மறைந்துபோகும். ஒரே ஆளிடம் வாங்கிய பத்துக் காசு இருந்தால் ஒன்றாக நைலான் வலையில் போட்டு மூழ்கடிக்கலாம். அசலுக்கு 11.28, சுத்த வெள்ளிக்கு 11.12. வித்தியாசம் பத்து மடங்காகிவிடுவதால் கண்ணுக்குத் தெரியும். வலையை மட்டும் தனியாக ஒருமுறை மூழ்கடித்து அந்த எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள்.

1911இன் பன்றி

இவ்வளவு சோதனையையும் 91.7 சத வெள்ளியில் சரியான எடைக்கு அடித்த போலியோ, வருடம் திருத்திய அசலோ அலட்டிக்கொள்ளாமல் தாண்டிவிடும். அங்கே தராசு வேண்டாம், மெஷின் வேண்டாம்; பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் ஒரு விளக்கும் போதும்.

1911 ரூபாயில் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் ஒரு சின்ன யானை இருக்கும். தும்பிக்கையைக் குட்டையாகச் செதுக்கிவிட்டார்கள். பார்ப்பதற்குப் பன்றிபோல இருக்கிறது என்று எதிர்ப்புக் கிளம்பியது. 1912இல் யானையைத் திருத்தி, தும்பிக்கை தெளிவாகத் தெரியும்படி புதிய அச்சு செய்தார்கள். 1911 காசில் பெரும்பகுதி உருக்கப்பட்டுவிட்டதால் இன்று அதற்கு விலை. 1917 ரூபாயின் கடைசி ஏழில் மேல்கோட்டைச் செதுக்கி எடுத்துவிட்டால் 1911 ஆகிவிடும் என்று நினைக்கிறவனுக்கு வருடம் இருக்கிற பக்கம்தான் ஞாபகம். காசைத் திருப்பினால் மறுபக்கத்து அங்கியில் நல்ல தும்பிக்கையோடு யானை நின்றுகொண்டிருக்கும். வெள்ளி அசல், எடை அசல், அச்சும்கூட அசல், காசு போலி. நகைக்கடையில் காட்டியாச்சு என்கிற பதில் எனக்கு ஏன் உறுத்துகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. உலகத்தின் எந்த மெஷினும் அந்த யானையைப் பார்க்காது.

யானை தேய்ந்து தெரியாமல் இருந்தால் எண்களுக்குப் போக வேண்டும். 1911இல் மூன்று ஒன்று இருக்கிறது. கடைசி ஒன்றைப் பக்கத்து ஒன்றோடு ஒப்பிடுங்கள்: தண்டின் தடிப்பு, சாய்வு, அடிக்கோடு, தலைக்கொக்கி நான்கும் ஒத்துப்போக வேண்டும். திருத்திய எண்ணைச் சுற்றியுள்ள தளம் லேசாகப் பள்ளமாக இருக்கும், அல்லது ஒரு திசையில் மட்டும் மெல்லிய கீறல்கள் ஓடும். ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய்க்கும் இதே பார்வைதான். 1938இன் எட்டை ஒன்பதாக்க அதன் கீழ்வளையத்தின் இடப்பக்கத்தை அறுத்தால் போதும் என்பதால் அந்த இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நாணயச்சாலைக் குறியும் திருத்துகிறார்கள். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் பின்பக்கம் கீழே உள்ள தாமரைக்கு அடியில் புள்ளிபோல ஒரு சின்ன மணி இருந்தால் பம்பாய், இல்லாவிட்டால் கல்கத்தா. மணியைத் தேய்த்து எடுத்த இடத்தில் வெளிச்சம் வேறுமாதிரி வழுக்கும்.

வெளிச்சம் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஊட்டியில் மூட்டம் போட்ட நாளில் ஜன்னலோரம் வைத்துக் காசு பார்க்காதீர்கள். மேகத்தில் வடிகட்டி வருகிற வெளிச்சம் நாலாபக்கமும் ஒரே சீராக விழும், மேடுபள்ளம் தட்டையாகிவிடும். அறையை இருட்டாக்கி, ஒற்றை விளக்கை மேஜையை ஒட்டித் தாழ்வாக வைத்துக் காசைச் சுற்றுங்கள். அச்சடித்த காசில் அழுத்தத்தில் உலோகம் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஓடியிருக்கும். அந்த நுண்கோடுகளில் பட்டு வெளிச்சம் ஆரக்கால்போலச் சுழலும். வார்த்த காசில் அது வராது. அதில் எழுத்து தளத்தைத் தொடுகிற இடம் வெட்டினாற்போல் இல்லாமல் மெழுகு வழிந்ததுபோல் இருக்கும், ஊசிமுனை அளவுக் குழிகள் தெரியும், விளிம்பைச் சுற்றி இரண்டு பாதி அச்சு சேர்ந்த தழும்போ அதை அரத்தால் நிரவிய தடமோ இருக்கும். சுற்றுமணி வரிசையில் சில மணிகள் ஒன்றோடொன்று கரைந்திருக்கும்.

நல்ல அழுத்தத்தில், அசலிலிருந்து எடுத்த அச்சால் அடித்த போலி இதையும் தாண்டும். அதற்கு ஒரே ஒரு பலவீனம் உண்டு. அச்செடுக்கப் பயன்படுத்திய அசலில் ஒரு கீறல், ஒரு அடி, ஒரு நசுங்கல் இருந்திருந்தால், அது அந்த அச்சில் பிறக்கிற எல்லாக் காசிலும் அதே இடத்தில் வரும். எழுபது வருடம் வெவ்வேறு கைகளில் புழங்கிய இரண்டு காசுக்கு ராஜாவின் காதுக்குப் பின்னால் ஒரே நீளத்தில், ஒரே கோணத்தில் கீறல் விழாது. டின்னில் ஒரே வருடத்துக் காசு இரண்டு மூன்று இருந்தால் ஒவ்வொன்றையும் ஒரே உயரத்திலிருந்து செல்போனில் படமெடுத்து, ஒன்றின்மேல் ஒன்றைப் பாதி ஒளிபுகும்படி வைத்துப் பாருங்கள். கீறல் கீறலோடு பொருந்தினால் இரண்டில் ஒன்றாவது போலி, பெரும்பாலும் இரண்டுமே. ஒரே காசுதான் இருக்கிறதென்றால் ஏலக் காப்பகங்களில் அதே வருடத்துப் படங்களோடு பொருத்திப் பார்க்கலாம். பொறுமை வேண்டும், சாயங்காலம் ஒன்று போய்விடும்.

விபூதி வேண்டாம்

மேலே சொன்னதெல்லாம் காசின் மேல்தோல் கெடாமல் இருந்தால்தான் வேலைசெய்யும். நம் வீடுகளில் வெள்ளி கறுத்தால் கை தானாக விபூதிக்கோ புளிக்கோ பற்பொடிக்கோ போகும். குத்துவிளக்குக்கும் கொலுசுக்கும் அது சரி. காசில் விபூதி போட்டுத் தேய்த்தால் முதலில் அழிவது அந்த ஓட்டக் கோடுகள். அதோடு சுழலும் பளபளப்பும் போய், அசல் காசு வார்ப்புக் காசின் முகத்துக்கு வந்துவிடும். துலக்கிய அசலைப் போலி என்று ஒதுக்குவது அனுபவசாலிகளுக்கும் நேர்கிற தவறு. விற்கிறவர் ஏற்கெனவே பளிச்சென்று துலக்கிவைத்திருந்தால் “எதற்குத் துலக்கினீங்க?” என்று கேளுங்கள், திருத்திய எண்ணைச் சுற்றியுள்ள கீறலை மறைக்க முழுக் காசையும் தேய்ப்பது பழைய உத்தி.

கறுப்பும் பொய் சொல்லும். கந்தகக் கூட்டு பூசி, சில சமயம் வெறும் ஷூ பாலிஷ் தடவி, புதுக் காசுக்கு வயதேற்றுவார்கள். இயற்கையாக ஏறிய கறுப்பு பள்ளத்தில் அடர்ந்தும் மேட்டில் மெலிந்தும் இருக்கும். விளிம்போரம் நீலமும் பொன்னிறமுமாக மாறி மாறி வரும். பூசிய கறுப்பு எங்கும் ஒரே கனத்தில், ஒட்டவைத்தாற்போல் நிற்கும். சுத்தமான அசிட்டோனில் ஐந்து நிமிடம் ஊறவிட்டால் பாலிஷ், பசை, அரக்கு எல்லாம் கரைந்துவிடும்; வெள்ளிக்கு ஒன்றும் ஆகாது. நகப்பூச்சு அழிக்கிற திரவத்தில் எண்ணெயும் வாசனையும் கலந்திருப்பதால் அது ஆகாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், குளிருக்கு மூட்டிய கணப்பை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். அசிட்டோன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும்.

பச்சை நிறத்தில் பிசுபிசுப்பு இருந்தால் அது வேறு வியாதி. மெத்தென்ற பிவிசி உறை ஈரத்தில் மெல்லச் சிதைந்து அமிலம் கசிகிறது. அது ரூபாயில் உள்ள செம்பைத் தின்கிறது. மழைக்காலம் முழுக்கச் சுவரே வியர்க்கிற நீலகிரியில் இது சீக்கிரம் வரும். அசலிலும் வரும், போலியிலும் வரும், எதையும் நிரூபிக்காது. அசிட்டோனில் கழுவிப் பிவிசி இல்லாத உறைக்கு மாற்றுங்கள், டின்னில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், கம்பளியை எடுத்துவிடுங்கள்.

ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ போட்டு ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1818’ என்று எழுதிய காசு டின்னில் கிடந்தால் இந்தச் சோதனைகளில் எதுவும் வேண்டாம். கம்பெனி அப்படியொரு காசை அடித்ததே இல்லை. அதில் ‘பவர்’ இருக்கிறது, அரிசியை இழுக்கும், லட்சக்கணக்கில் போகும் என்று பேச ஆரம்பிக்கிறவரிடம் டீ வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம். அந்த ரைஸ் புல்லிங் வியாபாரத்தில் ஏமாறாத மாவட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறதா என்ன.

சோதித்த ஒவ்வொரு காசுக்கும் ஒரு காகித உறை போடுங்கள். மேலே பென்சிலால் வருடம், நாணயச்சாலை, எடை, தண்ணீரில் காட்டிய எண், விட்டம், பார்த்த தேதி. போலி என்று முடிவானதை எறியவும் வேண்டாம், விற்றவரிடம் திருப்பித் தந்து மறுபடி சந்தைக்கு அனுப்பவும் வேண்டாம். வெள்ளியில் அடித்ததற்கு உருக்கு விலை உண்டு; ஜெர்மன் சில்வரும் ஈயமும் அடுத்த காசைத் தட்டிப் பார்க்க, தடிப்பை ஒப்பிட உதவும். அவற்றை வேறு டப்பாவில் வைத்து, உறையிலும் மூடியிலும் ‘போலி’ என்று தமிழிலேயே பெரிதாக எழுதிவையுங்கள். உறை தொலைந்தாலும் மூடி இருக்கும்.